கை முந்திய சிவப்பு விளக்கு

மச்சான்,

உன் விசில் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு விரலில் மாட்டுகிற அந்த உலோக விசில். இன்று காலை குளிர்க்கோட்டின் பைக்குள் கைவிட்டபோது சில்லென்று பட்டது. ஊதிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நீ இருந்திருந்தால் ஆட்டக்காரருக்குக் கொடுப்பதுபோல அதற்கும் இரண்டு நிமிடத் தண்டனை கொடுத்து வெளியே உட்கார்த்தியிருப்பாய்.

நீ போய் ஒரு குளிர்காலம் ஆகிறது. அழுகிற கடிதம் எனக்கு எழுத வராது. உனக்கும் பிடிக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுவிஸின் லா ஷோ-து-ஃபோன் நகரில் ஒரே அறையில் இருந்தோம். நான் கடிகாரத் தொழிற்சாலையில் மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கை அளக்கிற மெக்கானிக். நீ காலையில் உணவகத்தில் கோப்பை கழுவுவாய், பின்னேரம் ஐஸ் ஹொக்கி நடுவர். "விசில் ஊதிச் சோறு தின்னப்போறியோ?" என்று கேட்டேன்.

"இஞ்ச பெரிய லீக்கிலயே நடுவர்மார் பகலில வேற வேலைதான் செய்யினம். முழுநேரச் சம்பளத்துக்கு ஊதிறவையை விரல்விட்டு எண்ணலாம். அடுத்த விரல் நான்தான்."

கோல் வலைக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, கறுப்பு றப்பர் வட்டு கோட்டைத் தாண்டினால் சிவப்பு விளக்கைப் போடுகிற கோல் நடுவர் வேலைக்கு உள்ளூர்க் கழகம் ஆள் தேடியது. என்னை இழுத்துவிட்டவன் நீதான். விளக்கின் வயரிங்கையும் நானே திருத்தினேன். பொத்தானை அழுத்திய கணத்தில் எரியும். அதுவே வினையானது.

அந்த ஞாயிறு பின்னேரம் உன்னை மதிப்பிட ஒரு மேற்பார்வையாளர் குறிப்புப் புத்தகத்தோடு மேலே இருந்தார். அவர் சரி என்றால் நீ மேல் லீக்குக்குப் போவாய். கடைசி நிமிடம், இரு பக்கமும் சமன். உள்ளூர்க் கழகத்து ஆட்டக்காரன் அடித்தான். வட்டு வந்த வேகத்தைப் பார்த்தே அழுத்திவிட்டேன். விளக்கு எரிந்தது, மண்டபம் எழும்பிக் கத்தியது. வட்டோ கோட்டுக்கு முன்னால், கோல்காப்பாளரின் காலடியில் கிடந்தது.

ஆட்கள் குவிந்து மறைத்ததில் உனக்குத் தெரியவில்லை. நேரே என் கண்ணாடிக்கு வந்தாய்.

"மச்சான், உள்ளுக்க போனதோ?"

"இல்லையடா. கை முந்திட்டுது."

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம். கோட்டைத் தொடவே இல்லை."

"விசரா! வீட்ட வா, கதைக்கிறன்."

முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல் திரும்பி, இரண்டு கையையும் அகல விரித்தாய். கோல் இல்லை.

பியர்க் கோப்பைகள் பறந்தன. ஆட்டம் முடிந்ததும் மேற்பார்வையாளர் உன்னிடம், அது என்ன மொழி என்று கேட்டாராம். "பொய் சொல்ல நேரமில்லாத மொழி" என்றாயாம். அவருடைய தாளில், கோல் நடுவரிடம் கேட்டுத் தெளிந்த விதம் மிக நன்று என்று இருந்தது. நீ தேறிவிட்டாய், என் பிழையால்! பஸ்ஸில் பியர் மணக்க மணக்க வீடுவரை சிரித்தோம். "நீ ஒழுங்கா அமத்தியிருந்தா அந்தாள் என்னைக் கவனிச்சே இருக்காதடா" என்றாய். அடுத்த கிழமை கழகம் என்னைப் பெட்டியிலிருந்து இறக்கியது. நியாயம்தான்.

மேல் லீக்கில் இரண்டு குளிர்காலம் ஊதினாய். அடுத்த விரலாகுமுன் இருதயம் நின்றுவிட்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றி நான் கதைக்கப்போவதில்லை.

இப்போதும் தொழிற்சாலையில், முழுதாக அளக்குமுன்னே துண்டை "சரி" என்ற தட்டில் போடக் கை முந்தும். உடனே கண்ணாடிக்கு வெளியே நீ வந்து நிற்பாய். வடிவாப் பாத்தனியோ? திரும்ப அளப்பேன். நேற்று அப்படி அளந்ததில் ஒன்று பிழை. என்னை அறியாமல் இரண்டு கையையும் அகல விரித்தேன். பக்கத்து மெசினில் நின்ற பெண், "என்ன, உடற்பயிற்சியா?" என்றாள்.

"கோல் இல்லை" என்றேன்.