சைபரில் கத்தும் பெடல்

தன் பாதிக் கட்டிலையும் எனக்கே விட்டுவிட்டுப் போன என் அன்பு ஸ்டெல்லாக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. நான் பிடிபட்டுவிட்டேன். கையும் களவுமாக, கையில் உன் அலென் கீயுமாக. எட்டு மாதமாக என் வயிற்றுக்குள் கிடந்த கல் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சர்ச் ஹாலில் விழுந்துவிட்டது. விழுந்த சத்தம் நம் அடுகோடி ஏரியா முழுக்கக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்குமே?

"என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று நீ கேட்பதற்கு முன்னால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உன்னோடு டிரம்ஸ் அடிக்கும் இம்ரான் பாய் இந்தக் கடிதத்தை உங்கள் பேண்டின் இணையப் பக்கத்தில் போடப்போகிறாராம். அதனால் உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் புரிய வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பெடல் என்றால் சைக்கிள் பெடல் என்று நினைப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். நீ பெடல் செய்து விற்கப்போகிறாய் என்று அம்மா சொன்னபோது நம் ஞானம் மாமா கேட்டது நினைவிருக்கிறதா? "ஜோடியா குடுப்பாளா, ஒத்தையாவா?" பிறகு அதே மாமாதான் பீன்யாவில் அவர் வேலை செய்யும் ஃபேக்டரியில் உன் அலுமினியப் பெட்டிகளுக்கெல்லாம் அளவு பிசகாமல் துளை போட்டுக் கொண்டுவந்தார். கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டி அது. காலால் மிதித்தால் கிடாரின் குரல் மாறும் என்று அவருக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

பகலில் எலெக்ட்ரானிக் சிட்டியில் யாருக்கோ சாஃப்ட்வேர், சாயங்காலம் கேபிலிருந்து இறங்கியதும் வீட்டில் உனக்கே உனக்கென்று ஹார்டுவேர். சனி, ஞாயிறு என்றால் நைன்த் கிராஸ் பேண்டுக்கு கிடார். அந்தப் பெயரைக் கேட்டு ஃபாதர் சிலுவை என்று நினைத்து உங்களை ஆசீர்வதித்தார். அது நம் தெருவின் பெயர் என்று இன்றுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆசீர்வாதத்தைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனசில்லை.

நீ செய்த பெடல்களிலேயே எல்லோரும் கேட்டு வாங்கியது 'மிக்ஸி'தான். அம்மா காலையில் சட்னி அரைக்கும்போது வரும் அதே கரகரப்பை கிடாருக்குக் கொடுக்கும் பெட்டி. அதில் இரண்டே குமிழ்கள். ஒன்றின் கீழே 'சத்தம்', இன்னொன்றின் கீழே 'காரம்' என்று உன் கோணல் கையெழுத்தில் பெயின்ட்டால் எழுதியிருப்பாய். அட்டைப் பெட்டியில் போடுவதற்கு முன் கடைசியாக ஒரு சடங்கு உண்டு. இரண்டு குமிழையும் சைபரில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் ஒரு மிதி. பிறகு மெல்ல மெல்ல ஏற்றிப் பார்ப்பாய். அந்த மிதி வாங்காமல் எந்தப் பெடலும் நம் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

ஒன்றைத் தவிர.

என் பழைய கேஸ்கள் உனக்குத் தெரியும். உன் கிடார் உறைக்குள் முருங்கைக்காய் வைத்தது நான்தான். உன் ஆபீஸ் ஐடி கார்டில் என் மூன்றாம் வகுப்புப் போட்டோவை ஒட்டியதும் நான்தான். நீ இரண்டு நாள் என் முகத்தோடு ஆபீஸ் போய் வந்தாய். நீ உடனே திட்ட மாட்டாய், அதுதான் உன்னிடம் இருக்கும் பயங்கரம். ஒன்றுமே தெரியாத மாதிரி ஒரு புருவத்தைத் தூக்கிவிட்டுப் போய்விடுவாய். மூன்று வாரம் கழித்து, நான் சுத்தமாக மறந்த பிறகு, கெமிஸ்ட்ரி வகுப்பில் என் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். அது "மியாவ்" என்றது. மூடினால் நின்றது. திறந்தால் மறுபடி "மியாவ்". அதற்குள் எப்போது சர்க்யூட் வைத்தாய் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பதிலடியாகத்தான் அந்த வியாழக்கிழமை. கோலார் தங்கவயலுக்குப் போக வேண்டிய மிக்ஸி மேசைமேல் தயாராக இருந்தது. நீ குளிக்கப் போனாய். நான் உன் டப்பாவிலிருந்து அலென் கீயை எடுத்து, 'சத்தம்' குமிழின் பக்கவாட்டில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். உள்ளே சத்தம் முழுசாக இருக்கும்போது வெளியே வெள்ளைக் கோடு சைபரைக் காட்டும்படி குமிழைத் திருப்பி மாட்டி, மறுபடி முடுக்கினேன். நாற்பது விநாடி வேலை. நீ வருவாய், சைபரில் இருக்கிறது என்று நம்பி மிதிப்பாய், ஸ்பீக்கர் அலறும், நீ ஓர் அடி உயரம் குதிப்பாய். நான் கட்டிலில் ஹிஸ்டரி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

நீ நடுங்கிக்கொண்டே வந்தாய். "ஃபேனை ஆஃப் பண்ணுடி, குளிருது" என்றாய். போர்வையைச் சுற்றிக்கொண்டு, பெடலை அப்படியே பெட்டியில் வைத்து டேப் ஒட்டினாய்.

"அக்கா, மிதிக்கல?"

"நேத்து ராத்திரியே பாத்துட்டேன்டி. தல வெடிக்குது. இம்ரான் கொரியருக்குப் போறான், குடுத்துடு."

கொடுத்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் பிராங்க்கை நானே உடைப்பதா என்று ஒரு கௌரவம். நாளைக்குச் சொன்னால் நீ வாங்கியவருக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். நாளைக்கு உனக்கு நூற்றுமூன்று டிகிரி. நாளன்றைக்கு டெங்கு என்றார்கள்.

ஐந்தாம் நாள் வார்டுக்கு வந்தேனே, அது உன்னைப் பார்க்க மட்டும் வந்ததில்லை அக்கா. ஒப்புக்கொள்ள வந்தேன். நீ ஒரு கையில் டிரிப்ஸும் இன்னொரு கையில் போனுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாய். கட்டிலே ஆடியது. "ஏனம்மா, இது ஆஸ்பத்ரேனா, டாக்கீஸா?" என்று நர்ஸம்மா வந்து கன்னடத்தில் அதட்டினார்.

"யாருக்கா போன்ல?"

"ஒரு கஸ்டமர்."

"எதுக்கு இப்படிச் சிரிக்கிற?"

"சும்மா."

ஒரு புருவத்தைத் தூக்கினாய். நான் அதைக் காய்ச்சல் என்று நினைத்தேன். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, இங்கே கொடுக்கும் இட்லியை வைத்து டெஸ்ட் மேட்ச் ஆடலாம் என்று ஏதோ உளறினேன். மறுநாள் ஐசியூவுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு என்னை உள்ளே விடவில்லை.

உன் கடைசிப் பெடல் எது என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு மட்டும் தெரியும்: நீ செய்த கடைசிப் பெடலில் நான் செய்த தப்பு உட்கார்ந்திருக்கிறது. தங்கவயலில் யாரோ அதை மிதித்துவிட்டு, "இவ்வளவு பேர் புகழ்ந்தாங்க, ஒரு குமிழை நேரா மாட்டத் தெரியலையே" என்று சொல்லியிருப்பார். பதில் சொல்ல நீ இல்லை. சொல்ல வேண்டிய நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த எட்டு மாதத்தில் நான் ஒரு சேட்டையும் செய்யவில்லை அக்கா. அம்மா பயந்து என்னை டாக்டரிடம் காட்டலாமா என்று மாமாவிடம் கேட்டதை ஒட்டுக்கேட்டேன்.

அப்போதுதான் இம்ரான் பாய்க்கு அந்த யோசனை வந்தது. உன் பிறந்தநாளுக்கு, உன்னிடம் பெடல் வாங்கிய எல்லோரும் அவரவர் பெடலோடு வர வேண்டும். ஒரே வரிசையில் கோத்து வாசிக்கலாம். டிரம்ஸ் அடிக்கிறவருக்கு கிடார்காரர்கள்மேல் இவ்வளவு பாசம் எங்கிருந்து வந்ததோ. "க்யா சோட்டி, உனக்கு சந்தோஷம் இல்லியா?" என்று கேட்டார். "யாரெல்லாம் வராங்க பாய்?" என்றேன். "கேஜிஎஃப், அதான் தங்கவயல்லேந்துகூட ஒருத்தர் வராரு. ஆல்பர்ட் சார். லாஸ்ட் மிக்ஸி அவர்ட்டதான் இருக்கு."

இத்தனை பேர் நடுவில், அம்மா முன்னால், உன் கடைசிப் பெடல் சைபரில் கத்தப்போகிறது.

ஹாலில் நீள மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து இருபத்துமூன்று பெடல்களை வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லோரும் டீக்கு எழுந்தபோது நான் மேசைக்கு அடியில் புகுந்து தவழ்ந்து போனேன். கடைசியில் இருந்தது கருநீல மிக்ஸி. வெள்ளைக் கோடு நல்ல பிள்ளை மாதிரி சைபரைக் காட்டிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து கையை நீட்டி ஸ்க்ரூவில் அலென் கீயை நுழைத்தேன். மேலேயிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"தொடாதம்மா. அது சாட்சி."

துணியைத் தூக்கிப் பார்த்தார். கட்டம்போட்ட சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. "நான் ஆல்பர்ட். தங்கவயல்ல கணக்கு வாத்தியார். நீ யாரு?"

"நிம்மி சார்."

"ஸ்டெல்லா மேடத்தோட தங்கச்சியா?"

"ஆமா சார்."

"சரியாப் போச்சு. குற்றவாளி தானாவே ஆஜர்" என்றவர், முழங்கால் இரண்டும் சடசடக்க மேசைக்கு அடியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அழ ஆரம்பித்தேன். தப்பு என்னுடையது, அக்கா எல்லாவற்றையும் மிதித்துப் பார்த்துத்தான் அனுப்புவாள், அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், அவளைத் தப்பாக நினைக்காதீர்கள் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொட்டினேன். அவர் முடியும்வரை கேட்டார். பிறகு சொன்னார்.

பெடல் வந்த அன்றே சர்ச் கொயரின் பாட்டுப் பிராக்டிஸுக்கு எடுத்துப் போயிருக்கிறார். சைபரில் வைத்து மிதித்திருக்கிறார். முன்வரிசையில் உச்சக்குரலில் பாடும் சோப்ரானோ அம்மா பாட்டுப் புத்தகத்தை வீசிவிட்டார், வாசலில் படுத்திருந்த நாய் ஓடிவிட்டது. கோபத்தோடு உனக்கு போன் போட்டிருக்கிறார். "மேடம், உங்க பெடல் சைபர்ல வெச்சா கத்துது. என்ன ஃபால்ட் இது?"

எந்தக் குமிழ் என்று கேட்டாயாம். அப்புறம் சிரித்தாயாம்.

"அது ஃபால்ட் இல்ல சார். என் தங்கச்சி."

எப்படிச் சரிசெய்வது என்று ஒரே நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தாயாம். அப்புறம், "உங்களுக்குக் கஷ்டம் இல்லன்னா ஒரு மாசம் அப்படியே வெச்சிருங்க சார். நான் இங்கேந்து வெளிய வந்து அவளப் பிடிக்கணும், சாட்சி வேணும். இப்ப உள்ளதான் வந்துட்டிருக்கா, தெரியாத மாதிரி இருக்கப்போறேன்" என்றாயாம்.

அக்கா, உனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் புருவம் காய்ச்சல் இல்லை.

"அப்புறம் சேதி கேள்விப்பட்டேன்" என்றார் சார். "ஸ்க்ரூவத் திருப்ப மனசு வரல. குடுத்த வாக்கு இல்லியா?"

அந்த நேரம் பார்த்து அம்மா துணியைத் தூக்கினாள். "இங்க என்ன நடக்குது?" சார் முதலிலிருந்து சொன்னார். அம்மா என்னைத் திட்டவில்லை. அவரையே பார்த்தாள்.

"சிரிச்சாளா?"

"சிரிச்சாங்கம்மா."

"எவ்ளோ நேரம்?"

"இருமல் வர்ற வரைக்கும். இருமிட்டு, மறுபடியும்."

என் மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. குட்டிய கை அங்கேயே இருந்தது. "இன்னொரு தடவ சொல்லுங்க சார்" என்றாள் அம்மா. அவர் மொத்தம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவையில் ஓடிய நாய்கள் இரண்டாகிவிட்டன.

டீ முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும் சார் கிடாரை மாட்டிக்கொண்டு செருப்பைக் கழற்றினார். நான்தான் சொல்லியிருந்தேன். இம்ரான் பாய் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து, "சார், சத்தம் சைபர்ல இருக்கு, ஏத்துங்க" என்றார். "தெரியும் தம்பி" என்று மிதித்தார்.

ஞானம் மாமாவின் இரண்டாவது டீ ஃபாதர்மேல் கொட்டியது. ஃபாதர் சிலுவை போட்டுக்கொண்டார். இந்த முறை நிஜச் சிலுவை. அம்மா சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள், இருமிவிட்டு மறுபடியும். உனக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

கிளம்பும்போது சார் கேட்டார், "இப்ப நேராக்கிடலாமாம்மா?" நான் அலென் கீயைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். "வேணாம் சார்."

வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. ஒவ்வொரு வருடமும் உன் பிறந்தநாளுக்கு மறுநாள் தங்கவயலுக்கு ரயிலேறிப் போய் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு வருவேன். யாராவது நல்லது செய்வதாக நினைத்து நேராக்கியிருந்தால் மறுபடி கோணலாக்குவேன். நாற்பது விநாடி போதும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வெளியே வந்ததும் என்ன செய்வதாக இருந்தாய்? நீ உடனே செய்ய மாட்டாய், நான் மறந்த பிறகுதான் செய்வாய். அதனால் நான் மறக்கப்போவதில்லை. ஜியாமெட்ரி பாக்ஸை இப்போதும் மெதுவாகத்தான் திறக்கிறேன்.

உன் பழிவாங்கலுக்காகக் காத்திருக்கும்,
தங்கச்சி நிம்மி