அண்ணி பார்த்து வைத்த தொடுப்பு

பிரியத்துக்குரிய அண்ணிக்கு,

போய்விட்டு வந்துவிட்டோம்! நலமா என்று கேட்பது உங்கள் விஷயத்தில் முறையா என்று தெரியவில்லை. நேராகச் செய்திக்கு வருகிறேன். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்க நீங்கள் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த நீல வண்டி, ஆந்திராவின் கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கின் விளிம்புவரை போய், சக்கரம் கழலாமல் செஞ்சிக்குத் திரும்பியிருக்கிறது.

மெத்தை, அடுப்பு, ஜன்னலுக்குத் திரை என்று ஒரு குடித்தனமே உள்ளே இருந்த அதை என்னவென்று அழைப்பது என ஊருக்குத் தெரியவில்லை. பட்டறைக்காரர் 'தொடுப்பு வண்டி' என்றார். நீங்கள் 'வண்டி'யைக் கழற்றிவிட்டு மீதிச் சொல்லை மட்டும் கடைத்தெரு முழுக்கச் சொன்னீர்கள். "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு தொடுப்பு இருக்குது. நீலக் கலரு. நான்தான் பாத்து வெச்சேன்." அண்ணன் தன் பெயின்ட் கடையில் பல நாள் தலை நிமிரவில்லை. வியாபாரம் மட்டும் நிமிர்ந்தது.

நீங்கள் போனபின் வண்டி கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்தது. கடைக்குள் அண்ணனும் ஏறக்குறைய அப்படித்தான். கேட்டதற்குப் பதில், சாப்பாட்டுக்குத் தலையாட்டல், அவ்வளவே. பிறகு வல்லத்திலிருந்து ஒருவர் வந்து, பரோட்டா கடை போட இது தோதாக இருக்கும் என்றார். அதற்கும் அண்ணன் தலையாட்டினார்.

நான் சண்டை போட்டேன். நாத்தனாருக்கென்று ஒரு தொழில்தர்மம் இருக்கிறது. கடைசியில் சமரசம்: நீங்கள் ஆசைப்பட்ட இடத்துக்கு ஒரே ஒருமுறை போவது, வந்ததும் வண்டியை வல்லத்துக்காரரிடம் ஒப்படைப்பது. வெளிநாட்டுக்காரர்கள் பாலைவனத்துச் செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் வீட்டை இழுத்துக்கொண்டு திரிவதைப் போனில் பார்த்துவிட்டு, "பாஸ்போர்ட்டுலாம் வேணாம், கடப்பா தாண்டுனா போதும்" என்றவர் நீங்கள்தானே?

அமாவாசை நல்ல நாள் என்று அண்ணன் கிளம்ப நாள் குறித்தார். அமாவாசையன்று அங்காளம்மனைப் பார்க்க அக்கம்பக்கத்து ஜில்லா சனமெல்லாம் மேல்மலையனூர் ரோட்டில்தான் நிற்கும் என்பது, செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். திரும்பி வந்தால் வண்டி நிறைந்திருந்தது. உங்கள் மெத்தைமேல் வரிசையாகப் பெண்கள், ஒரு பை எலுமிச்சம்பழம், கால் கட்டிய ஒரு கோழி.

"இது ஸ்பெஷல் பஸ் இல்லம்மா" என்றேன்.

"அப்ப இன்னாத்துக்குப் பொட்டிய இழுத்துக்கினு போற? நவுரு, காத்து வரட்டும்" என்றார் கோழிக்குச் சொந்தக்காரர். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "வண்டி யாருதுப்பா? மெத்தலாம் போட்டு ஷோக்கா இருக்குது."

அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். "எங்க வீட்டுக்காரிது" என்றார்.

"அவங்க வர்ல?"

"முன்னாடியே பூட்டாங்க."

"கெட்டிக்காரி. வரிசைல எடம் புடிச்சி வெச்சிருப்பாங்க. நீ நிதானமா ஓட்டு."

அண்ணன் நிதானமாகவே ஓட்டினார். அவர்களைக் கோயில் பக்கம் இறக்கிவிட்டுக் கூட்டத்திலிருந்து வெளியே வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார், அண்ணி. "எடம் புடிச்சி வெச்சிருப்பாளாம், வசந்தி!" ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள வண்டியை ஓரம் கட்டவேண்டியிருந்தது. சிரிப்பினால்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் அவர் வாய் மூடவே இல்லை. கடப்பா வெயில், கல் குவாரி, லாரிக்காரர்களின் தெலுங்கு என்று எல்லாவற்றுக்கும் விமர்சனம். கண்டிக்கோட்டை மதில் தெரிந்ததும், "இத்தினி தூரம் வந்து மறுபடியும் கோட்டயா? நம்மூர்லயே சும்மாதானே நிக்கிது" என்றார். மதிலைத் தாண்டி நடந்தோம்.

செஞ்சியில் கோட்டையை நிமிர்ந்து பார்த்தே பழகிய கழுத்து நமக்கு. இங்கே குனிய வேண்டும். மரமில்லாத வறண்ட பூமி திடீரென்று பிளந்து, பாறை பாறையாக அடுக்கி இறங்குகிறது. அடியில் பச்சையாக வடபெண்ணை ஆறு. நம் பக்கத்துத் தென்பெண்ணையின் பெயரை வைத்துக்கொண்டு இவள் இப்படி ஒரு வாழ்க்கை வாழ்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே! சாயங்கால வெயில் பட்டதும் எதிர்ச்சுவர் முழுதும் பற்றிக்கொண்டது. நான் கத்தினேன். அண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரெட் ஆக்சைடு, ரெண்டு கோட்டு" என்றார். கொஞ்சம் கழித்து, "இல்ல. இந்த ஷேடு நம்மகிட்ட கெடையாது" என்றார். உங்களைப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றுகூட அவர் இவ்வளவு பாராட்டிப் பேசியதில்லை.

அன்று உங்கள் மெத்தையில் நான் தூங்கினேன். அவர் கதவைத் திறந்துபோட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். யாரிடம் பேசிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் வல்லத்துக்காரர் ஒரு டிராக்டரோடு கடைவாசலில் நின்றார். அண்ணன் ஜீப்பிலிருந்து இறங்கவில்லை.

"இன்னாங்க, கழட்டிக்கட்டா?" என்றார் அவர்.

"யோவ்" என்றார் அண்ணன், கடைத்தெருவுக்கே கேட்கும்படி. "தொடுப்ப யார்னா விப்பாங்களாய்யா? அதுவும் பொண்டாட்டி பாத்து வெச்சத!"

டீக்கடை கைதட்டியது. வல்லத்துக்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

உங்களுக்கு வாக்குத் தருகிறேன், அண்ணி. இனி எங்கே கிளம்பினாலும் அமாவாசையன்றுதான். மேல்மலையனூர் வரை உங்கள் மெத்தை சனத்துக்கு, கோழி உட்பட. வண்டிக்காரி எங்கே என்று யார் கேட்டாலும் முன்னாடியே பூட்டாங்க என்றே சொல்வோம்.

வரிசையில் எங்களுக்கும் இடம் பிடித்து வையுங்கள். அவசரமில்லை, நாங்கள் நிதானமாகத்தான் ஓட்டுகிறோம்.

உங்களோடு பாதிச் சண்டை மிச்சமிருக்கிற நாத்தனார்,
வசந்தி