இப்ப மூச்சு விடலாம்

மார்ச் 4, சனி

கால் இரண்டும் கெஞ்சுகின்றன. ஆனாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்பத்தாறு வயதில், நான், ஆடிவிட்டு வந்திருக்கிறேன்!

எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ்தான் மூன்று வாரமாக நச்சரித்தாள். "ஒரே ஒரு தடவை வாயேன். பிடிக்கலைன்னா அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்." நூலகத்து மாடி ஹால், காலை எட்டு மணி, பதினோரு பேர். முதலில் ஆட்டம். கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. பாட்டு ஓடும், உடம்பு போகிற பக்கம் நாமும் போக வேண்டியதுதான். பிறகு அவரவர் எழுதிவந்ததை எழுந்து நின்று சொல்ல வேண்டும். கடைசியில் இருவர் இருவராக உட்கார்ந்து பேச்சு.

எனக்கு ஜோடி, வரி அலுவலகத்து குமாஸ்தா. நல்ல தொப்பை. ஆட ஆரம்பித்தால் மனிதர் பஞ்சு! என் உள்ளங்கைக்கும் அவர் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. தொடக் கூடாது, விலகவும் கூடாது. முதலில் நான் வெறும் மரக்கட்டை. அப்புறம் எப்போது என் கை தானாகப் போக ஆரம்பித்தது? தெரியவில்லை. பாட்டு நின்ற பிறகும் இரண்டு பேரும் ஆடிக்கொண்டிருந்தோம் என்று நர்ஸ் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வீட்டில், "சனிக்கிழமையும் டியூட்டி போட்டுட்டாங்க" என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஏன் பொய் சொன்னேன்? என் கணவர் சிரிப்பார் என்றா? சிரித்தால்கூடத் தேவலையே.

மார்ச் 7, செவ்வாய்

இன்று முப்பத்திரண்டு எக்ஸ்ரே. "மூச்சை இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... இப்ப விடலாம்." இருபது வருஷமாக வேலையில் என் பேச்சு இவ்வளவுதான். இன்றைக்குத்தான் அதில் ஒரு தாளம் இருப்பது காதில் விழுந்தது. காலி ஃபிலிம் கவரின் பின்னால் கிறுக்கிவைத்தேன். அடுத்த நோயாளி கதவைத் தட்டும்வரை எழுதினேன்!

மார்ச் 11, சனி

சொல்லிவிட்டேன். பதினோரு பேர் முன்னால். ஃபிலிம் கவரைப் பார்க்காமலே.

மார்பைத் தட்டோடு ஒட்டுங்கள் என்பேன்,
விலா எலும்பை எண்ணிவிடுவேன்.
எங்கே வலிக்கிறது என்று கேட்கத்தான்
எனக்கு நேரம் இருப்பதில்லை.

கைதட்டல்! அதைவிட, பிறகு நடந்த பேச்சுதான் பெரிது. குமாஸ்தா மெதுவாகக் கேட்டார்: "அது ஆஸ்பத்திரியைப் பத்தி மட்டும் எழுதின மாதிரி தெரியலையே?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போது மிச்ச நாலு வரியும் தானாக வந்து விழுந்தன.

மார்ச் 14, செவ்வாய்

"கேஸ் சிலிண்டர் நாளைக்கு வரும்" என்றார் கணவர். "சரி" என்றேன். இன்றைய பேச்சு முடிந்தது. சண்டையும் இல்லை, கோபமும் இல்லை. மகள் வீட்டில் இருந்தவரை அவள்தான் எங்கள் தபால்காரி. "அம்மா உங்களைத் தேடுறா", "அப்பா டீ கேக்கறார்" என்று இருவர் பேச்சையும் அவளே சுமந்தாள். அவள் ஹாஸ்டலுக்குப் போய் நாலு வருஷம். தபால் நின்றது.

மார்ச் 18, சனி

மாட்டிக்கொண்டேன்.

சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, என் சாவியை வாங்க ஆஸ்பத்திரிக்கே போயிருக்கிறார். என் உதவியாளப் பெண் அப்பாவியாக, "அக்கா சனிக்கிழமை வர்றதே இல்லையே சார்" என்றிருக்கிறாள். மூன்று மணி நேரம் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க போற?"

"ஆடப் போறேன்."

"ஆடவா?"

"ஆமாங்க, ஆடத்தான்! ஆடறேன், எழுதிப் படிக்கறேன், நாலு பேரோட பேசறேன். இங்கதான் பேச ஆளில்லையே!"

ஏன் அப்படிக் கத்தினேன்? அவர் சட்டென்று திரும்பினார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஐயோ, எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேனா?

மார்ச் 19, ஞாயிறு

கை ஓடவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "என்னதான் படிப்பீங்க அங்க?" என்றார். அடுப்பைப் பார்த்தபடி சொன்னேன். முதல் நாலு வரி. பிறகு, யாரிடமும் சொல்லாத மிச்ச நாலு:

வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்,
நாலு வருஷமாய் மூச்சைப் பிடித்தபடி.
விடலாம் என்று சொல்ல வேண்டியவள்
நானும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

கத்தியை வைத்துவிட்டார்.

"மேல எனக்கும் பேச்சுதான்" என்றார்.

அவர் கிரேன் ஓட்டுகிறவர். இருபது மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், நாளெல்லாம் தனியாக. "வாய் ஓயாம பேசிட்டே இருப்பேன். கீழ இறங்கினா எல்லாம் தீர்ந்துபோன மாதிரி இருக்கும்."

"யார்கிட்டங்க பேசுவீங்க?"

"உன்கிட்டதான். வேற யார்கிட்ட?"

மகள் ஹாஸ்டலுக்குப் போன அன்று அவள் பஸ் பாலத்தைத் தாண்டி மறையும்வரை மேலே இருந்தே பார்த்தாராம். கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்க, கீழே மேஸ்திரி வாக்கிடாக்கியில் கத்த, இவர் கண்ணைக் கண்ணீர் மறைத்துவிட்டதாம். "அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை."

அழுதேன். பிறகு, "கையை இப்படி நீட்டுங்க" என்றேன். "தொடாதீங்க, விலகவும் விலகாதீங்க." சமையலறையில், பாட்டே இல்லாமல், இரண்டு சுற்று. பாத்திர அலமாரியில் இடித்துக்கொண்டார். "இதுக்குப் பேரு ஆட்டமா?" என்று சிரித்தார். சிரித்தார்! பகல் சாப்பாடு சாயங்காலம்தான் ஆயிற்று; பேச்சு நிற்கவே இல்லை.

மார்ச் 25, சனி

ஹாலுக்கு என்னோடு வரப்போகிறவர் இதுவரை மூன்று சட்டை மாற்றிவிட்டார். "கட்டம் போட்டதா, நீலமா?" என்று வந்து நின்றார். நீலம் என்றேன். இப்போது கீழே பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். எழுத நேரமில்லை.