கை ஆடட்டும்

மச்சான்,

இன்று காலை சப்பாத்துக்குள் கால் விட்டேன். உள்ளே அரிசி. அலுமாரித் தரையெல்லாம் அரிசி. துவக்கின் பின்முனைப் பிடங்குக்குக் கீழே வைக்க நீ அரிசி நிரப்பித் தைத்த தோல் பையின் மூலையை எலி கடித்திருக்கிறது.

நான் அன்றைக்கே சொன்னேன். "மண் போடு. எல்லாரும் மண்தான் போடுறாங்கள். அரிசிக்கு எலி வரும்." நீ நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "வரட்டுமே. மெல்பேர்ணிலை எலிக்கு வேறை ஆர் சோறு போடுறது?" என்றாய். இப்போது வந்திருக்கிறது. நான் சொன்னது சரி. அதைச் சொல்லிக்காட்ட நீ இல்லாததுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஒரே தொழிற்சாலையில் நான் அளவீட்டு அறை, நீ வரைபடப் பிரிவு. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பாய். உன் அப்பாவிடமிருந்து வந்த நடுக்கம். கோடுகள் நெளியத் தொடங்கியதும் உன்னைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். நீ நேரே போய் ஒரு துவக்கு வாங்கினாய். "உனக்கென்ன விசரா?" என்று கேட்டேன்.

"படம் கீற விடமாட்டாங்கள். நேராய்க் கோடு போட வேறை வழியும் இருக்கு."

"தோட்டா நேராய்ப் போறேல்லை. வளைஞ்சுதான் போகும்."

"உன்ரை வாயை மூடு."

நகருக்கு மேற்கே, காற்றைத் தடுக்க ஒரு மரமும் இல்லாத அந்தக் கல்வெளியில்தான் சுடுதளம். துவக்கை மேசையில் முன்னும் பின்னும் பைகள்மேல் கிடத்திச் சுடும் விளையாட்டு. அங்கே எல்லாரும் உன்னிடம் ஒன்றையே சொன்னார்கள்: இறுக்கிப் பிடி. விரல் வெளுக்கும்வரை பிடித்தாய். பிடிக்கப் பிடிக்க நடுக்கம் முழுவதும் துவக்கின் மரத்துக்குள் இறங்கியது. தாளில் துளைகள் கோழி கிளறியது போலக் கிடந்தன. எனக்குப் பொறுமை கிடையாது, உனக்குத் தெரியும். "விடு! மேசையிலை வைச்சுச் சுடுறவனுக்கு என்ன பிடி? பாரத்தைப் பை சுமக்குது. நீ ஏன் சுமக்கிறாய்?" என்று கத்தினேன்.

முன் பை குழலைத் தொடக்கூடாது. அதன் கீழுள்ள மரத்தை மட்டும் தாங்க வேண்டும். இடது கைக்கு முன்னால் வேலை இல்லை, பின் பையில் கிடக்கட்டும். பையைப் பிசைந்தால் பிடங்கு உயர்ந்து குறி மயிரளவு இறங்கும், விட்டால் ஏறும். வலது பெருவிரல் பிடியைச் சுற்றக்கூடாது. தோள் தொட்டால் போதும். கண்ணை மூடித் திற. குறி விலகியிருந்தால் துவக்கைத் தள்ளாதே, பையை நகர்த்து. விசையில் விரல் நுனி மட்டும், நேராகப் பின்னுக்கு. ஒவ்வொரு வெடிக்கும் அதே தொடுகை. இதெல்லாம் நான் சொன்னது. அரிசி மட்டும் உன்னுடையது. என் மண் பையில் உன் கை நடுங்க நடுங்கக் குறியும் நடுங்கியது. உன் அரிசியைப் பிசைந்தால் மணிகள் ஒன்றோடொன்று இறுகிக்கொண்டன, குறி நின்றது. ஏன் என்று நான் இன்னும் கணக்குப் போட்டு நிறுவவில்லை. ஆகவே ஒத்துக்கொள்ளவும் இல்லை.

அந்தச் சிவந்த கழுத்துக்காரக் கிளப் கப்டன் அப்போதுதான் நிபந்தனை போட்டார். "ஞாயிற்றுக்கிழமை என் கண் முன்னால் ஐந்து வெடி. ஒரு பியர் போத்தல் மூடிக்குள் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் உறுப்புரிமை இல்லை. நடுங்குகிற கையை நான் நம்பமாட்டேன்."

அன்று முதலாவது தோட்டாவை உள்ளே போடும்போதே உன் விரல்கள் ஆடின. பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ திரும்பாமலே சொன்னாய்: "கை ஆடட்டும் மச்சான். துவக்குக்கு என்ன?"

நான்கு வெடி ஒரே கிழிசலுக்குள். ஐந்தாவது பாதி வெளியே. கப்டன் மூடியைத் தாளில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். இல்லை. நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். நீ என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாய்.

"மூடிக் கணக்கு உங்களுடையது," என்றாய் அவரிடம். "நீங்களும் ஒருமுறை சுட்டுக் காட்டுங்கள்."

இப்போது சிரித்தவர்கள் அவருடைய ஆட்கள். "காட்டு, கப்டன்!" அவர் அமர்ந்தார். தான் போதித்தபடியே இறுக்கிப் பிடித்தார். ஐந்தில் இரண்டு முழுவதும் வெளியே. ஆடாத கை அது. தாளைப் பார்த்துவிட்டு எழுந்தவர், உன் பையை அமுக்கிப் பார்த்து, "இது என்ன மண்?" என்றார்.

"மண் இல்லை. அரிசி. பசித்தால் சமைக்கலாம்."

உறுப்பினர் மட்டையை அங்கேயே எழுதித் தந்தார்.

இந்த மாரிக் குளிரில் உன் இதயம் நித்திரையிலேயே நின்றுவிட்டது. செத்த வீட்டில் ஒரு அங்கிள், "குடிச்சுக் குடிச்சுத்தான் கை அப்பிடி ஆடினது, பாவம்" என்றார். நீ பியர் வாயில் வைத்ததில்லை; உனக்குத் தெரிந்தது அதன் மூடி மட்டும். "உந்தக் கையாலை அவன் சுட்ட தாள் என்னட்டை இருக்கு. உங்கடை ஆடாத கையாலை ஒருக்கால் சுட்டுக் காட்டுங்கோ, பாப்பம்" என்று கத்திவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இன்று மதியம் சுடுதளத்தில் கப்டனிடம் கடிபட்ட பையைக் காட்டினேன். கழுவிக் காயவைத்த மண் ஒரு வாளி நிறைய இருந்தது. "நிரப்பிக்கொள்" என்றார். நல்ல மண். வேண்டாம் என்றேன்.

என் கை ஆடாது. ஆனாலும் பின் பை இல்லாத மேசையில், பெருவிரலைச் சுற்றாமல், தொட்டும் தொடாமலும், நீ பிடித்த மாதிரியே பிடித்துச் சுட்டுவிட்டு வந்தேன். இப்போது மூலையைத் தைத்து முடித்துவிட்டேன். உன் தையலைவிட என் தையல் நேரானது, அதையும் சொல்லிவிடுகிறேன். அரிசிதான் போடுகிறேன்.

எலி திரும்பவும் வரும். வரட்டும். அதற்கும் சேர்த்துத்தான் வாங்கி வைத்திருக்கிறேன்.