ஆறு கால் பறவைக்கு விட்ட காலி வரி

பாசத்துக்குரிய மாப்ள முருகேசா,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று சிரிப்பாய். உன்னிடம் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கிறது. கூடவே நாலைந்து கேள்விகளும் கேட்க வேண்டும்.

முதலில் நம் கண்மாய்ச் செய்தி. பறவைகள் பாதுகாப்புப் பகுதி என்று போர்டு வைத்துவிட்டார்கள். கருவேல முள்ளில் நாம் சட்டையைக் கிழித்துக்கொண்ட கரையில் இப்போது நடைபாதையும் பெஞ்சும் இருக்கின்றன. திருநகரே காலையில் அங்கேதான் வாக்கிங் போகிறது. இருந்தும் பறவைகள் வருகின்றன, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இரண்டு பேரும் பார்த்த பறவைதான் நம் நோட்டில் ஏறும் என்று சட்டம் போட்டவன் நீ. அந்தச் சட்டத்தை வைத்தே உன்னை மடக்கினேன். நான் காய்ச்சலாகக் கிடந்த ஞாயிற்றுக்கிழமை, தனியாகப் போன நீ ஆறு கால் பறவையைப் பார்த்ததாக மறுநாள் வந்து சொன்னாய். பார்க்க இலைக்கோழி மாதிரியே இருந்தது, தாமரை இலைமேல் நடந்தது, இறக்கைக்குக் கீழே நாலு கால் தொங்கியது என்றாய்.

"காலங்காத்தாலயே ஊத்திட்டுப் போனியா மாப்ள?" என்று டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் கேட்டேன். கடையே சிரித்தது. நீ நோட்டில் ஓரமாகத் தேதியை மட்டும் எழுதி, ஒரு வரியைக் காலியாக விட்டாய். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த கை. அந்த வரியில் உன் கிரீஸ் ரேகை இன்னும் இருக்கிறது. கடைசி வரை நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்னோடு ஒரு சண்டையாவது போட்டிருக்கக் கூடாதா?

உன் வீட்டுக்காரி, தங்கச்சி கலாவுக்குச் சுகர். நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அம்புட்டு வருஷமாக அந்தத் தண்ணிக்குள் அவர் என்னத்தைத்தான் பார்த்தார், எனக்கும் காட்டுங்கள் என்று தங்கச்சி கேட்டது. ஐப்பசி மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன்.

தாமரை இலைகளுக்கு நடுவே ஓர் இலைக்கோழி நின்றது. பக்கத்தில் இரண்டு குஞ்சுகள். மேலே பருந்து வட்டமிட்டதும் அது குனிந்து உட்கார்ந்தது, குஞ்சுகள் ஓடிப்போய் இறக்கைக்குள் புகுந்துகொண்டன. மறுபடி எழுந்து நடந்தபோது நூல் நூலாக நாலு கால் கீழே தொங்கியது. எதுவும் சொல்லாமல் பைனாக்குலரைக் கலாவிடம் நீட்டினேன். சாட்சிக்கு நான் சொல்லிக் கொடுக்கக் கூடாதல்லவா?

தங்கச்சி வெகுநேரம் பார்த்தது. "என்னண்ணே, இதுக்கு ஆறு காலு?" என்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மாப்ள. நீ பொய் சொல்லவில்லை.

அந்த போர்டில் போட்டிருந்ததைக் கலாவுக்குப் படித்துக் காட்டினேன். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுமாம், குஞ்சுகளைத் தூக்கி வளர்ப்பது ஆணாம்.

"ரெண்டு புள்ளையவும் என் இடுப்புல விட்டுட்டு, இதைப் பாக்கத்தானா ஓடியாந்தாரு?" என்று கலா விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அந்தக் குஞ்சுகள் தானாகப் புகுந்தனவா, அது ஏதும் குரல் கொடுத்ததா? உள்ளே எப்படி மூச்சு விடும்? மூன்றாவது குஞ்சு இருந்தால் எங்கே வைத்துக்கொள்ளும்? நீ அன்று தனியாக நின்று பார்த்தவன், உனக்குத் தெரிந்திருக்கும். நான் சிரிக்காமல் இருந்திருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாய்.

பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். நீ பார்த்த நாள் வேறு, நாங்கள் பார்த்த நாள் வேறு. சட்டப்படி இது செல்லுமா என்று பேனாவோடு முழித்தேன்.

"அவரு பேரை மொதல்ல எழுதுங்கண்ணே" என்றது கலா.

எழுதிவிட்டேன். உன் தேதிக்கு நேரே உன் பெயர், அடுத்து என் பெயர். கீழே தங்கச்சி தானே கையெழுத்துப் போட்டது.

இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் இரண்டு பேரும் போவோம். யார் வந்து எதைப் பார்த்தேன் என்று சொன்னாலும், சிரிப்பதற்கு முன்னால் "எந்தப் பக்கம் பார்த்தீங்க?" என்று கேட்பேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

நீ விட்டுப்போன வரியை நிரப்பிய,
உன் மாப்ள ராசு