கோவித்துக்கொண்டு போகிறவள்

3-2-2025, திங்கள்

நர்சு தெரசா வந்து விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை இறங்கவே இல்லை. "மாத்திரை மட்டும் பத்தாதுங்கம்மா. தெனமும் கையை வீசி வேகமா நடங்க" என்கிறாள். நான் நடக்காத நடையா? கொல்லைக்காட்டிலிருந்து புல்லுக்கட்டு சுமந்து பிள்ளையை ஆளாக்கியவள். "அது வேலைங்க. இது உங்க ஒடம்புக்கு" என்றாள்.

கால் விரல் மரத்துக் கிடக்கிறது. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் விரலை எடுத்தார்கள்.

4-2-2025

பென்னாகரம் ரோட்டில் நடந்தேன். எதிரில் வந்த அத்தனை பேரும் "எங்க கெளம்பிட்ட?" சும்மா நடக்கிறேன் என்றால் ஒருத்தரும் நம்பவில்லை. தலையில் புல்லுக்கட்டோடு போன காலத்தில் ஒருத்தன் கேட்டானா?

பக்கத்து வீட்டு மாதம்மாள் சொல்கிறாள்: "வெறுங்கையா போனா கேக்கத்தான் செய்வாங்க அக்கா. ஒரு பையை எடுத்துக்க. சந்தைக்குன்னு வுட்ருவாங்க."

5-2-2025

பை. அந்தப் பையைக் கொளுத்த வேண்டும்.

கூடைப்பை கிழிந்திருந்தது. மகன் சந்துரு பெங்களூருக்கு எடுத்துப்போகிற பெரிய பையைத் தோளில் மாட்டினேன். உள்ளே ஒரு துண்டு, தண்ணி பாட்டில். நன்றாகத்தான் நடந்தேன். கொழுந்தன் மகன் முருகேஷ் வண்டியைக் குறுக்கே நிறுத்தினான். "பெரியம்மா, எதுவா இருந்தாலும் வூட்ல பேசிக்கலாம். ஏறுங்க." எதைப் பேச? "மருமக என்ன சொன்னா?" என்று பையைப் பிடுங்குகிறான். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த ரெண்டு பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம காலம் அப்படி ஆயிடுச்சு ஆத்தா" என்று கண்ணைத் துடைத்தார்கள். யார் அழச் சொன்னது?

அறுத்துக்கொண்டு ஓடின மாட்டைப் பிடித்து வருவது போல வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். தெருவே வாசலில் நின்றது.

6-2-2025

சந்துரு கத்துகிறான். "கோகிலா பேரு நாறுதும்மா. சோறு போடாம தொரத்திட்டான்னு பேசறாங்க. நடக்கணும்னா மாடியில நட." இவன் தினமும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஸ்கூல் கிரவுண்டைச் சுற்றுகிறான். இவனை யார் கேட்டார்கள்?

மருமகள் கோகிலா அழுதாள். "எங்கப்பா வரைக்கும் போன் போயிடுச்சுங்க அத்தை."

அவள் மேலும் கோபம். அவள் என்ன செய்தாள் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. ஆனாலும் கோபம்.

9-2-2025

மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தலை சுற்றியது. நான் என்ன செக்குமாடா?

28-2-2025

நடக்கவில்லை. வாசல்வரை போகிறேன், திரும்பி வந்துவிடுகிறேன். திட்டினால் திருப்பித் திட்டுவேன். பாவம் பார்க்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

10-3-2025

சர்க்கரை ஏறியிருக்கிறது. தெரசா கால் விரலில் ஊசி முனையை வைத்து, "தெரியுதாம்மா?" என்றாள். தெரியவில்லை. கோகிலா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அடுப்படியில் வெடித்துவிட்டேன். "எங்காலு போச்சுன்னா நீதான்டி பீ மூத்திரம் அள்ளணும். அன்னிக்கு இந்த ஊரா வரும்? ஒம் பேரைக் காப்பாத்த நான் படுக்கையில வுழணுமா?" அவள் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

11-3-2025

விடியற்காலையில் கோகிலா எழுப்பினாள். அவளுடைய ஷூவை என் காலில் மாட்டினாள். கதவைத் திறந்து என்னை வாசலுக்குக் கூட்டிவந்தாள். மாதம்மாள் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டிலும் ஆட்கள்.

"மாதம்மாக்கா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். "எங்க அத்தையை நாந்தான் தொரத்திவுடறேன். தெனமும் தொரத்துவேன். யாரு கேட்டாலும் இதையே சொல்லிடுங்க."

என்னிடம் திரும்பி, "போங்க. வெயில் ஏறாம வந்தா உள்ள வுடமாட்டேன்."

முகத்தை அப்படி வைத்திருந்தாளே தவிர, குனிந்து ஷூ கயிற்றை இன்னொரு தரம் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

14-3-2025

முருகேஷ் மறுபடியும் வண்டியை நிறுத்தினான். "ஆமாடா, தொரத்திட்டா. வழிய வுடு" என்றேன். ஏற்றுவதா விடுவதா தெரியாமல் நின்றான்.

வீட்டில் சந்துரு குதித்தான். கோகிலா தோசையைத் திருப்பிக்கொண்டே, "நீங்களுந்தான் தெனமும் நடக்கறீங்க. உங்களை யாரு தொரத்துனது?" என்றாள். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

23-3-2025, ஞாயிறு

மாதம்மாள் காலையில் வந்து நின்றாள். என்னைப் பார்க்க இல்லை. "கோகிலா, எம் மருமகளுக்கு உன்னளவு வாய் கெடையாது. என்னையும் நீயே தொரத்திவுட்ரு தாயி."

அவளுக்கு முட்டி வலி. என் வேகத்துக்கு வர முடியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மெதுவாக நடந்தேன். டீக்கடையிலிருந்து ஒருத்தன், "ரெண்டு வூட்லயுமா சண்டை?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாதம்மாள் சொன்னாள்:

"ரெண்டு பேரையும் தொரத்துனது ஒரே மருமகதான். உங்கம்மாவையும் அனுப்பி வை, தொரத்தச் சொல்றோம்."