ஆலை எஞ்சினைப் பிரித்த நாட்கள்

பரிதாபி, ஆடி 4, வெள்ளி

காலை முதல் பொடிச் சாரல். மேற்கே மலை தெரியவில்லை. ஆற்றில் கலங்கல் தண்ணீர்.

மச்சானுக்கு நேற்றுப் பதினாறாம் நாள் காரியம். இன்று அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனேன். எஞ்சின் கொட்டகை அப்படியே கிடக்கிறது. சுவரில் கரி. யாரும் துடைக்கவில்லை.

பிரிக்க வேண்டியவை: எண்ணெய்க் குழாய், தண்ணீர்க் குழாய், புகைக்குழல், சிலிண்டரின் தலைமூடி, பிஸ்டன், வளையங்கள். குழாய்கள் மட்டும் கழற்றினேன். கை ஓடவில்லை.

முதலாளி வந்தார். "ஆவணிக்குள்ள ஓடணும் வே. கார் நெல் அறுப்பு வந்துரும். சீமை அட்டைய நம்பி மோசம் போனோம், பாத்தீரா?"

ஊரிலும் இதுதான் பேச்சு. சிலிண்டருக்கும் தலைமூடிக்கும் நடுவே வைக்கிற கல்நார் அட்டை சரியில்லை. அது கிழிந்து தீ வெளியே பாய்ந்தது. பக்கத்தில் நின்ற என் மச்சான் சுடலைமுத்துவின் எண்ணெய் வேட்டி பற்றிக்கொண்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து செத்தான்.

நான் தலையை ஆட்டினேன்.

ஆடி 5, சனி

தலைமூடியைத் தூக்கினேன். கப்பியில் கயிறு கட்டித் தனியாக. முன்பெல்லாம் அந்தப் பக்கம் மச்சான் பிடிப்பான்.

அட்டை கீழ்ப்பக்கம், இடது ஓரத்தில் கிழிந்திருந்தது. எங்கே கிழிந்திருக்கும் என்று பார்க்காமலே தெரியும் எனக்கு. அந்த இடத்தில் சிலிண்டர் முகம், தலைமூடி உட்காரும் பரப்பு, பள்ளம். ஆனி மாதம் பூட்டும்போதே மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன். கோலுக்கடியில் காகிதம் தடையில்லாமல் நுழைந்தது. சுரண்டி மட்டமாக்க நான்கு நாள் ஆகும். முதலாளி அன்றே ஓட்டச் சொல்லி நின்றார். பள்ளத்தில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி நட்டுகளை முறுக்கிவிட்டேன்.

அந்தத் துண்டு இன்று கையில் வந்தது. நகம் அளவு. கருகிப்போய். அடுப்பில் போட்டேன்.

மச்சான் அன்று கேட்டான், இதே கொட்டகையில். "மாப்ளே, முகம் ஒழுங்கா உக்காந்துட்டா?"

"உக்காந்துட்டு வே" என்றேன்.

இதற்குமேல் எழுத முடியவில்லை.

ஆடி 7, திங்கள்

வெயில் கொஞ்சம். வேண்டியது: செந்தூரம் கால் படி, விளக்கெண்ணெய், கந்தல் துணி.

வேலை இப்படி. இரும்பு மட்டப்பலகையில் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்து மெல்லப் பூச வேண்டும். பலகையை முகத்தில் வைத்துத் தேய்த்தால் மேடான இடமெல்லாம் சிவப்பு ஒட்டும். ஒட்டியதைச் சுரண்டியால் சீவி, துடைத்து, மறுபடி பலகை. முகமெங்கும் சிவப்புப் புள்ளி விழுந்தால் மட்டம். முதல் தடவை ஏழெட்டுத் திட்டுதான். சாயங்காலம் பாதி முகத்தில் புள்ளி விழுந்தது. இடது ஓரம் இன்னும் வெறுமை.

மதியம் வீட்டிலிருந்து புளிச்சோறும் துவையலும். தின்னவில்லை. மச்சான்தான் என்னைத் தன் வீட்டுக்கு முதலில் கூட்டிப்போனவன். கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "என் தங்கச்சியக் கெட்டிக்கிடுதீரா வே?" என்று கேட்டான். சோப்பு நுரை காதில். ஆறு வருஷம் ஆகிறது.

சோறு திரும்பி வந்ததற்கு என் பெண்டாட்டி பிச்சம்மாள் சண்டை போடவில்லை. அழுவதும் இல்லை. அவள் அண்ணன் சட்டையை மட்டும் மடித்து, பிரித்து, மடிக்கிறாள்.

ஆடி 8, செவ்வாய்

அத்தை வீரவநல்லூரிலிருந்து வந்திருக்கிறாள். ஒரே மகனைப் பறிகொடுத்தவள். எனக்கென்று கருப்பட்டியும் முறுக்கும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கருகிய என் விரல்களைப் பார்த்தாள். அன்று தீயை நான் கையால் அணைத்தேன், அது ஊருக்குத் தெரியும்.

"எம்புள்ளைக்காவ கையச் சுட்டுக்கிட்டியளே. அவனுக்குப் பெறவு எனக்கு நீங்கதான் மவன்."

முறுக்கு வாயில் கூழாகிவிட்டது. புழக்கடைக்குப் போய்த் துப்பினேன்.

ஆடி 10, வியாழன்

சிலிண்டர் முகம் முடிந்தது. நான்கு நாள், சொன்ன கணக்குத்தான். எங்கும் ஒரே சீராகப் புள்ளி. காகிதம் எந்தப் பக்கமும் நுழையவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான்கு நாள். இவ்வளவுதானா?

வீட்டுக்கு வந்தேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். பிச்சம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். பள்ளம், துண்டு, எல்லாம்.

முறம் நின்றது.

"அண்ணன் கேட்டானா?"

"கேட்டான்."

"நீங்க என்ன சொன்னிய?"

"உக்காந்துட்டுன்னேன்."

கல் பொறுக்கி எறிந்தாள். ஒன்று, இரண்டு. பிறகு சொன்னாள், என்னைப் பாராமல்:

"எங்கம்மைகிட்ட சொல்லிராதிய. அவளுக்கு ஒரு மவனாவது மிஞ்சட்டும்."

ஆடி 11, வெள்ளி

பிச்சம்மாள் அம்மையோடு வீரவநல்லூர் போகிறாள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்லவுமில்லை. தகரப்பெட்டி நான்தான் ஸ்டேஷனுக்குத் தூக்கினேன். அத்தை வண்டி ஜன்னலிலிருந்து: "பத்திரமா இருங்க மருமவனே. பட்டினி கெடக்காதிய." பிச்சம்மாள் மறுபக்க ஜன்னலில் வயலைப் பார்த்திருந்தாள்.

தலைமூடியின் முகத்தைச் சுரண்டத் தொடங்கினேன். வேறென்ன செய்ய?

ஆடி 15, செவ்வாய்

பூட்டியாயிற்று. புது அட்டை, ஒரே துண்டு. நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.

ஓட்டுமுன் எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். மச்சான் அன்று நின்ற இடத்தில் நான் நின்றேன். கிழியட்டும் என்றுதான் நின்றேன், எழுதிவிடுகிறேன். கிழியவில்லை. சக்கரம் சுற்றியது. ஓரத்தில் கை வைத்துப் பார்த்தேன். காற்றுக்கூடக் கசியவில்லை.

முதலாளி தேங்காய் உடைத்தார். அவரிடம், அட்டைமேல் தப்பில்லை, என் வேலை என்றேன்.

கொஞ்ச நேரம் எஞ்சினையே பார்த்தார். "அன்னைக்கு ஓட்டச் சொன்னது யாரு வே? பேசாம இரும்."

அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆடி 20, ஞாயிறு

அத்தை ஆள் அனுப்பியிருந்தாள், வந்து சாப்பிட்டுப் போகும்படி. போனேன். சாரல் விட்டுவிட்டு.

மச்சான் எப்போதும் உட்காரும் இடத்தில் இலை போட்டாள். சொதி, அவியல், வடை. பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினாள். அவன் சின்ன வயதில் வடை திருடிய கதையைச் சொன்னாள். சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிச்சம்மாள் சோறு போட வந்தாள். ஒன்பது நாளாகிறது பார்த்து. இளைத்திருக்கிறாள்.

"எஞ்சின் ஓடுதா?" என்று அத்தை கேட்டாள். "இனி ஒண்ணும் ஆவாதுல்லா? நீங்க பாத்துதான் பூட்டியிருப்பிய."

பிச்சம்மாளின் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

"ஆமா அத்தை" என்றேன்.

அவள் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் இலையில் இருந்ததெல்லாம் தின்றேன்.